விற்கவா, வைத்திருக்கவா

என் கணவர் பங்குச் சந்தையில் இறங்கியது, பொதுத்துறை நிறுவன வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்ட பிறகுதான். அதுவரை அவருக்கு அதில் ஈடுபாடு இருந்ததாக எனக்குத் தெரியாது. பொறியாளர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையை வங்கியில் போட்டு வட்டி வாங்கலாம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். கீழ் வீட்டுப் பஞ்சாபிக்காரர், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், காலை நடையின்போது அவருக்கு வேறு யோசனை சொன்னார். என் கணவர் முதலில் கொஞ்சம் போட்டார். அப்புறம் இன்னும் கொஞ்சம். பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

மயூர் விஹாரில் கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாவது மாடி எங்களுக்கு. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். காலையில் மெட்ரோவைப் பிடிக்க நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் சோபாவில் உட்கார்ந்து, கையில் போன், மடியில் லேப்டாப், எதிரே சத்தம் குறைத்து வைத்த டிவி என்று சந்தை திறப்பதற்குத் தயாராக இருப்பார். சற்று நேரத்தில் கீழ் வீட்டுக்காரரும் மேலே வந்துவிடுவார். வாங்கலாமா, இன்னும் இறங்குமா, இன்றே விற்கலாமா, வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாமா என்று இருவரும் இந்தியில் பேசிக்கொண்டே இருப்பார்கள். மதியம் அவர் சாப்பிடக் கீழே போவார், இவர் சமையலறைக்குப் போய் நான் மூடி வைத்துவிட்டுப் போனதைச் சாப்பிடுவார், பிறகு மறுபடியும் கூடுவார்கள்.

சாயங்காலம் நான் வந்து முகம் கழுவுவதற்குள் அன்றைய கதை ஆரம்பமாகிவிடும்.

"ஏளா, அந்த மருந்துக் கம்பெனிய இன்னைக்கு வித்துட்டேன். ரெண்டு நாள் பொறுத்திருக்கணும். வித்த பொறவு ஏறுது."

அடுத்த வாரம் வேறொன்றை விற்காமல் வைத்திருந்ததற்காக வருத்தப்படுவார். லாபம் வந்த நாளிலும் வருத்தம்தான், இன்னும் வந்திருக்குமே என்று. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன், இவ்வளவு நாள் பார்த்ததில் என்ன பிடிபட்டது என்று. போனைக் கீழே வைத்தார்.

"வாங்குறது லேசுளா. நாலு பேரு நல்லாருக்குன்னு சொன்னா வாங்கிரலாம். விக்கிற நேரம்தான் பிடிபடவே மாட்டேங்கு."

எனக்கு அதில் ஆர்வம் இருந்ததில்லை. ஆனால் அந்த மனிதர் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது தேவலை என்று நினைத்தேன். எங்கள் குடியிருப்பிலேயே ஓய்வு பெற்று ஆறு மாதத்தில் சிடுசிடுப்பு ஏறிப்போய், மனைவியின் அடுப்படியில் வந்து நின்று கணக்குக் கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை.

அது நடந்தது ஒரு ஜனவரி மாதக் காலையில். வெளியே எதிர் கட்டடம் தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். எனக்கு அவசரம். சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் காணவில்லை.

"மூடிய எங்க வச்சீய?" என்று உள்ளேயிருந்து கேட்டேன்.

"நாலு" என்றார்.

"என்னது?"

"நாலு. நாலு நாலு."

விலை ஏதோ சொல்கிறார் என்று நினைத்து மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன். வலது பக்கமாகச் சரிந்து கிடந்தார். வாயின் ஒரு ஓரம் கீழே இழுத்திருந்தது. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கத்தியதில் கீழ் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவருடைய காரில்தான் கொண்டுபோனோம். புகையில் முன்னால் போகும் வண்டி தெரியாமல், எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போனோம்.

உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம், மூளையில் பேச்சுக்கான இடமும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார் டாக்டர். நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரியும், திருப்பிச் சொல்லச் சொல் கிடைக்காது, சில சமயம் தவறான சொல் வரும், ஆமாம் என்பதற்கு இல்லை என்று தலையாட்டுவார், அதை நம்பிவிடக் கூடாது என்றார். இளைஞர். வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மகள் பெங்களூரிலிருந்து வந்து மூன்று வாரம் இருந்தாள். அவளும் எத்தனை நாள் லீவு போட முடியும். அவள் போன பிறகு வீட்டில் நானும் அவரும், பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் வந்த ஒரு நடுவயது அம்மாளும். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒருவர் வருவார். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இருமுறை ஒரு பெண் வருவாள். என் சம்பளம் வீட்டுக்கு மட்டும்தான் காணும். சேமிப்பு முழுக்க அவருடைய போனுக்குள் இருந்தது.

அந்தப் போன் அவருடைய வலது கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். ஒரு சனிக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உணர்வில்லாத அந்தக் கையை எடுத்து, விரலை நிமிர்த்திப் போனில் வைத்தேன். விரல் ஜில்லென்று இருந்தது. போன் திறந்தது. பங்குகளுக்கான செயலியும் அதே விரலுக்குத் திறந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. தடுக்க நினைத்து முடியாமல் போனதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பச்சையில் லாபமும் சிவப்பில் நஷ்டமுமாக ஒரு வரிசை. ஒரு சிமெண்ட் கம்பெனி, இரண்டு வங்கிகள், வேறு ஒரு மருந்துக் கம்பெனி, பம்பு செய்கிற கம்பெனி ஒன்று, இன்னும் சில. பாதிக்கு மேல் நான் கேள்விப்படாத பெயர்கள். இதில் எதையாவது விற்றால்தான் அந்த மாதம் ஓடும் என்ற நிலை. எதை விற்பது, எப்போது விற்பது. அவர் ஐந்து வருடமாகப் பகல் முழுவதும் உட்கார்ந்து யோசித்த கேள்வியை நான் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மெட்ரோவில் நின்றபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மகள் போனில் சொன்னாள்:

"அம்மா, நீ டென்ஷன் ஆகாத, அச்சா? எல்லாத்தையும் வித்துரு. ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டுட்டு நிம்மதியா இரு."

கீழ் வீட்டுக்காரர், இது விற்கிற நேரமே இல்லை, பட்ஜெட் தாண்டட்டும் என்றார். பட்ஜெட் தாண்டியதும் ஹோலி தாண்டட்டும் என்றார். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி, நஷ்டத்தில் இருப்பதை முதலில் தள்ளிவிடு என்றாள். அவள் கணவர், அதைக் கேட்டுவிட்டு, இல்லை, லாபத்தில் இருப்பதைத்தான் விற்க வேண்டும் என்று அவள் மூலமாகச் சொல்லி அனுப்பினார். நால்வரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்தது.

அவரிடமே கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன்.

"சிமெண்ட வித்துருவமா?"

தலையாட்டினார்.

"வேண்டாமா? வச்சிருப்பமா?"

அதற்கும் தலையாட்டினார்.

சிமெண்டை விற்றேன். பச்சையாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அடுத்த வாரமே அது ஏறிவிட்டது என்று கீழ் வீட்டுக்காரர் வந்து சொன்னார். குற்றம் சொல்லவில்லை, தகவல்தான் சொன்னார். ஏற்றத்தைப் பார்த்தாவது ஒரு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். அதற்குக்கூட என்னிடம் தெம்பு இல்லை.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டாள். சார் அதிகம் பேசிய மொழி எது. ஒரே மொழியில் பயிற்சி கொடுத்தால் நல்லது, எல்லாவற்றையும் கலக்க வேண்டாம் என்றாள். என்னிடமும் மகளிடமும் தமிழ். அலுவலகத்தில் முப்பது வருடம் ஆங்கிலம். கடைசி ஐந்து வருடம், விழித்திருந்த நேரத்தில் பாதியும் இந்தி. தமிழ் என்று சொன்னேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே பயிற்சியை எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், நான் அவரிடம் செய்தேன். தண்ணி. கை. வாசல். சோறு. படங்களைக் காட்டிக் காட்டிச் சொல்வேன். அவர் என் உதட்டையே பார்ப்பார். வாய் திறக்கும். காற்று வரும்.

கோடை தொடங்கும் நேரத்தில் சந்தை இறங்க ஆரம்பித்தது. ஏன் என்று அப்போது எத்தனையோ பேர் டிவியில் விளக்கினார்கள், எனக்கு நினைவில்லை. டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஏனென்றால் அதை நிறுத்தினால் அவர் முகம் மாறிவிடும். அன்று மின்சாரப் பழுது பார்க்க ஆள் வருவதாக இருந்ததால் நான் லீவு போட்டிருந்தேன். அடுப்படியில் நிற்கும்போது கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"பேச்."

ஓடிப் போனேன். மூன்று மாதத்தில் முழுசாக வந்த முதல் சொல் அது.

"என்ன சொன்னீய?"

"பேச். பேச்."

சொல் தடித்துக் குழறி வந்தது. ஆனால் தெளிவாகத்தான் இருந்தது. பேச்சு. பேசு. என்னிடம் பேச்சு கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலையையெல்லாம் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். அலுவலகத்தில் புதிதாக வந்திருக்கும் மேலதிகாரியைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் லாரி நான்காவது நாளாக வராததைச் சொன்னேன். மகளுக்கு வீட்டு வாடகை ஏற்றியிருப்பதைச் சொன்னேன். அவருக்கு உடம்பு முடியாமல் போன பிறகு நான் அவரிடம் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. சாப்பிடுங்க, காலை மடக்குங்க, வாயைத் திறங்க, இவ்வளவுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "பேச், பேச்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இடது கையால் சோபாவின் கைப்பிடியில் அடித்தார். நான் இன்னும் பேசினேன். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிந்தது. பேச ஆசைப்பட்டுப் பேச முடியாத ஆத்திரம் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து, அப்பாவுக்குப் பேச்சு திரும்ப ஆரம்பித்திருக்கிறது, முதல் சொல்லே பேச்சு என்பதுதான் என்றேன். அவளும் அந்தப் பக்கத்தில் அழுதாள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் சொன்னார். நான் தினமும் மெட்ரோவிலிருந்து வந்ததும் அவரிடம் உட்கார்ந்து பேசினேன். சந்தை தினமும் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ் வீட்டுக்காரர் அந்த நாட்களில் ஊரில் இல்லை. சண்டிகரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார்.

அவர் திரும்பி வந்த ஞாயிறு காலை மேலே வந்தார். என் கணவர் அவரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார முயன்றார்.

"பேச்" என்றார்.

நான் அடுப்படி வாசலில் பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன். கீழ் வீட்டுக்காரர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"க்யா பேச்னா ஹை, பாயி சாப்?" என்று கேட்டார். எதை விற்கணும், அண்ணா.

முப்பது வருடமாக டெல்லியில் இருக்கிறேன். காய்கறிக்காரரிடம், ஆட்டோக்காரரிடம், அலுவலகத்தில் பியூனிடம் எல்லாம் இந்தியில்தான் பேசுகிறேன். விற்பதற்கு இந்தியில் 'பேச்' என்று எனக்குத் தெரியாதா. ஆனால் அவர் என்னிடம் ஒருநாளும் இந்தியில் பேசியதில்லை. அந்த வாயிலிருந்து எனக்கு வரப்போவது தமிழ்ச் சொல்தான் என்று காத்துக்கொண்டிருந்தேன், வந்ததைத் தமிழாக்கிக்கொண்டேன்.

கீழ் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பத்துப் பதினைந்து நாளில் சந்தை எவ்வளவு இறங்கியிருந்தது என்று அவருக்குத் தெரியும். எனக்கு அப்போது அது மனசில் வரவே இல்லை. மனசில் இருந்ததெல்லாம், இவர் சோபாவில் அடித்து அழுததும், நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் லாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததும்தான்.

மறுநாள் திங்கள், லீவு சொன்னேன். சந்தை திறந்ததும் இருவருமாக அவர் முன்னால் உட்கார்ந்தோம். கீழ் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டார். மருந்துக் கம்பெனியா? பேச். வங்கியா? பேச். இன்னொரு வங்கி? பேச். பம்பு? பேச். நல்ல லாபத்தில் இருந்த ஒன்று, அதை விற்க எந்தக் காரணமும் இல்லை என்று கீழ் வீட்டுக்காரர் சத்தியம் செய்தார், அதற்கும் பேச் என்றார். அந்த நேரத்தில் பார்த்துக்கொள்கிற அம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். என் கணவர் டம்ளரைப் பார்த்தார்.

"பேச்" என்றார்.

கீழ் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். நான் டீயை ஆற்றிக் கொடுத்தேன்.

பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் கேட்டபோது, அப்படி நடப்பது உண்டு என்றாள். ஒரு சொல் எப்படியோ வெளியே வரப் பழகிவிட்டால், பசி, வலி, ஆத்திரம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே வந்துகொண்டிருக்கும். முதல் நாள் அவர் சொன்னது விற்கச் சொல்லித்தானா என்று கேட்டேன். இருக்கலாம் என்றாள். இல்லாமலும் இருக்கலாம். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் அதைப் பற்றிக் கொஞ்ச நாள் யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். மாதம் பிறந்ததும் அந்த அம்மாளுக்கும் உடற்பயிற்சிக்காரருக்கும் மருந்துக்கடைக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு விற்றேன். வரிசையில் மேலே இருந்து ஆரம்பித்தேன். ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. கீழ் வீட்டுக்காரருக்கு இது தாங்கவில்லை.

"பாவ் தேக்கே பினா, பாபிஜி?" விலையைப் பார்க்காமலா, அண்ணி?

"பார்த்து என்ன செய்ய, பாயி சாப். மருந்துக்கடைக்காரன் பார்த்துக்கொண்டு நிற்பானா?" என்று இந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான்கு வீடு தள்ளி இருக்கிற ஒருவரைப் பற்றிச் சொன்னார், சரியான நேரத்தில் விற்று மகளுக்குக் கல்யாணம் செய்தவர். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. அவர் இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்தார். சில சொற்கள் வந்தன. தண்ணி. சீக்கிரம் என்பதற்கு இந்தியில் ஜல்தி. என் பெயரின் முதல் பாதி. போனையும் இடது கையால் பிடிக்கப் பழகியிருந்தார். இடது கட்டைவிரலைப் பதிந்து கொடுத்தால் அவரே திறந்து விலைகளைப் பார்ப்பார், பொழுது போகும் என்று கீழ் வீட்டுக்காரர் சொன்னார். பதிந்து கொடுத்தோம். அதற்கப்புறம் பகலெல்லாம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்து போனைச் சார்ஜில் போடும்போது ஒரு குறுஞ்செய்தியைப் பார்த்தேன். சமையல் எண்ணெய் கம்பெனி ஒன்றின் பங்குகள் கொஞ்சம் வாங்கப்பட்டிருந்தன. முன்பு அவரிடம் இருந்த கம்பெனி இல்லை அது. கீழ் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் அன்று கண் டாக்டரிடம் போயிருந்தார், மேலே வரவே இல்லை என்றார். போனை இவர் முன்னால் நீட்டினேன்.

"இத நீங்கதான் வாங்குனீயளா?"

போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கை தெரியாம பட்டுட்டா?"

வாயின் நல்ல பக்கம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு மாதிரியும் இருந்தது. "ஜல்தி" என்றார். அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது?

மகளிடம் சொன்னபோது அவள் பதறினாள்.

"அம்மா, ப்ளீஸ், அந்த ஆப்ப டெலீட் பண்ணிரு. நாளைக்கு அப்பா தெரியாம எல்லாத்தையும் வித்துட்டா?"

"அதத்தான் நான் மாசாமாசம் பண்ணிட்டு இருக்கேன்."

"ஜோக் பண்ணாதம்மா."

"ஜோக் இல்லட்டி."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் பயந்தேன். ஆனால் அந்தப் போனை அவர் கையிலிருந்து பிடுங்குவதை நினைத்துப் பார்த்தால் முடியவில்லை. வாங்கியதோ, விரல் பட்டதோ, அந்த மனிதர் உடம்பு விழுந்த பிறகு தானாகச் செய்த ஒரே காரியம் அதுதான். மூன்று நான்கு நாள் மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் இதே யோசனை. யமுனைப் பாலத்தின்மேல் வண்டி போகும், கீழே கறுப்புத் தண்ணீர், எனக்கு இதே யோசனை. மண்டி ஹவுஸ் ஸ்டேஷனில் வண்டி மாறி, இடம் கிடைத்தால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். எனக்கு அலுத்துவிட்டது. பங்கு விலை அலுத்துவிட்டது, யோசனை சொல்கிறவர்கள் அலுத்துவிட்டார்கள், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்று ஏதோ ஒன்று என் தலைக்குள் எரிந்துகொண்டே இருப்பது அலுத்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். காலை டிபன் முடிந்ததும் அவர் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"எண்ணெய் கம்பெனி ஒங்ககிட்டயே இருக்கட்டும். அக்கவுண்ட்டுல கொஞ்சம் பணமும் விட்டுருதேன். நீங்க என்ன வேணாலும் வாங்குங்க, வில்லுங்க, நான் கேக்க மாட்டேன். மத்த எல்லாத்தையும் இன்னைக்கு வித்துருதேன். என்னால முடியலங்க. சரியா?"

தலையாட்டினார். நான் அதை நம்பவில்லை. டாக்டர் முதல் நாளே சொல்லியிருக்கிறார்.

"வேண்டாம்னா வேண்டாம்னு எப்படியாவது காட்டுங்க. நான் நிறுத்திருதேன்."

அவர் டிவி பக்கம் திரும்பினார். டிவியில் யாரோ வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு இடது கையை நீட்டி, என் மடியில் இருந்த போனை எடுத்து, தன் விரலை வைத்துத் திறந்து என்னிடம் கொடுத்தார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக விற்றேன். இடையில் ஒவ்வொரு முறையும் எண் கேட்டது, குறுஞ்செய்தி வந்தது, அதைப் பார்த்து அடித்தேன். சீக்கிரம் முடிந்துவிட்டது. அவர் தூங்கிப்போயிருந்தார்.

கீழ் வீட்டுக்காரரிடம் அன்று மாலையே சொன்னேன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, சரி, நல்லது என்றார். பிறகு படியில் இறங்கும்போது திரும்பி, தீபாவளி வரையாவது பொறுத்திருக்கலாம் என்றார்.

பணம் வங்கிக்கு வந்து சேர்ந்த பிறகு, டெபாசிட் போட மறுவாரம் போனேன். மே மாத வெயில். ஈ-ரிக்‌ஷாவில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே வந்தது. வங்கியில் ஏசி வேலை செய்யவில்லை. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எங்கள் இரண்டு பேர் பெயரிலும் போட வேண்டும் என்றேன். கணினியில் ஏதேதோ தட்டினாள்.

"கித்னே சால் கே லியே, ஆன்ட்டிஜி?"

எத்தனை வருடத்துக்கு. மூன்று வருடம் போட்டால் வட்டி கூட, ஐந்து வருடம் என்றால் இவ்வளவு, நடுவில் எடுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிவெடுப்பது வெள்ளிக்கிழமையோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். எத்தனை வருடம். அவருக்கு எத்தனை வருடம், எனக்கு எத்தனை வருடம், அவரைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் எத்தனை வருடம் வருவாள். பின்னால் நின்றவர் இருமினார்.

"ஆன்ட்டிஜி?"

"ஒரு வருஷம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவள் விழித்தாள். பிறகு இந்தியில் சொன்னேன். வட்டி குறையுமே என்றாள். குறையட்டும் என்றேன்.

ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்ப் பக்கம் பால் பூத்தில் தயிர் இருந்தது. இரண்டு பாக்கெட் வாங்கினேன். ரிக்‌ஷா கிடைக்கும்வரை என்று, மூடிக்கிடந்த ஒரு தையல் கடையின் நிழலில், சிமெண்ட் படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ரிக்‌ஷாக்கள் காலியாகவே வந்து நின்று, கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயின. எனக்கு எழுந்திருக்க மனசில்லை.